சீட்டில் அடித்த நேரம் 10.42

சித்தப்பாவுக்குக் காலில் சர்க்கரைப் புண். பொங்கலுக்கு ஊர் போனவன், மறுவாரமே அவரை ஏற்றிக்கொண்டு டெல்டாவில் எங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலை ஏழரைக்கெல்லாம் வரிசையில் நின்றாயிற்று.

வீட்டிலிருந்து சீசா கொண்டுபோய்ச் சிவப்பு மிக்சர் வாங்கின காலத்தில், ஓ.பி. சீட்டு கைக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது. இப்போது சீட்டுக்கு முன்னால் கையால் நம்பர் எழுதிய துண்டுத்தாள் ஒன்று. எங்களுக்கு 63. அப்புறம் மூன்று மணி நேரம். புண்ணில் ஈ உட்காராமல் சித்தப்பா துண்டால் விசிறிக்கொண்டே இருந்தார்.

எதிர்ச் சுவர் டிவியில் ஓடியது: சராசரிக் காத்திருப்பு 14 நிமிடம்!

பத்தரை தாண்டிக் கூப்பிட்டார்கள். அப்போதுதான் கம்ப்யூட்டரில் பேர் ஏற்றிச் சீட்டு அடித்தார்கள், நேரம் 10.42. டாக்டர் பார்த்தது 10.53. ஆக, கணக்குப்படி நாங்கள் காத்திருந்தது பதினோரு நிமிடம். கவுன்ட்டர் பெண்ணிடம் சத்தம் போட்டேன்.

"அண்ணே, சீட்டு போட்டா நேரம் ஓட ஆரம்பிச்சிடும். மாசா மாசம் மீட்டிங்ல கேக்குறாங்க. இருக்கிறதே ஒரு டாக்டர். நாங்க என்னதான் பண்றது?"

அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை. நான் இருக்கும் இங்கிலாந்திலும் இதே கூத்துதான். அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு 98 பேரை நாலு மணி நேரத்துக்குள் கவனித்து அனுப்ப வேண்டும் என்று 2004-ல் இலக்கு வைத்தார்கள் (2010-ல் அது 95 ஆனது). நோயாளி உள்ளே வந்தால்தானே கடிகாரம் ஓடும்? ஆம்புலன்ஸைச் சில இடங்களில் வாசலிலேயே நிறுத்தி வைத்தார்கள். கடைசியில், வண்டி வந்து 15 நிமிடம் ஆனால் ஆளை இறக்காவிட்டாலும் கடிகாரம் ஓடும் என்று விதி போட வேண்டியதாயிற்று. அங்கே ஆம்புலன்ஸ், இங்கே துண்டுத்தாள்.

கழிவறை பளிச்சென்று இருந்ததையும் சொல்ல வேண்டும். 2015-லிருந்து சுத்தத்துக்கு மார்க் போட்டுக் காயகல்ப் விருது தருகிறார்களே, அதன் புண்ணியமாக இருக்கலாம். சுத்தத்தை நேரில் வந்து பார்த்து மார்க் போடுகிறார்கள். ஏழரை மணி வரிசையை யார் வந்து பார்க்கிறார்கள்?

கட்டு மாற்ற ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொன்னார்கள்.

"தம்பி, அடுத்த தடவ பத்தரைக்கு வந்தா போதுமான்னு கேட்டுட்டு வாயேன்," என்றார் சித்தப்பா.

கேட்டேன். "ஏழரைக்கே வந்துடுங்கண்ணே, நம்பர் தீந்துடும்."