ஸ்பானிஷோடு கிரிமினாலஜி: படித்து, வேலைக்கும் போனபின் சொல்லத் தோன்றுவது

பிரிட்டனில் 'ஜாயின்ட் ஆனர்ஸ்' என்று ஒரு பட்டப்படிப்பு வகை உண்டு. இரண்டு பாடங்களைப் பாதிப் பாதியாகப் படிக்கலாம். நான் எடுத்தது ஸ்பானிஷ் மொழியும் பண்பாடும் ஒரு பக்கம், கிரிமினாலஜி இன்னொரு பக்கம். 2020இல் சேர்ந்தேன், 2024இல் முடித்தேன். இப்போது லண்டனில், குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவல் எழுதும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் "இது எதுக்கு உதவும்?" என்று அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பானிஷ் நினைத்ததைவிட அதிகமாக உழைத்தது. கிரிமினாலஜி தனியாக என்றால் சுமார்தான். இரண்டும் ஒன்றையொன்று தொடுகிற இடத்தில்தான் கொடுத்த காசு செரித்தது. ஆனால் அந்த இடத்தை யாரும் காட்டித் தரமாட்டார்கள், நாமே தேடிப் போக வேண்டும்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டு மேலே போகலாம். கிரிமினாலஜி என்றதும் எங்கள் வீட்டில் நினைத்தது கைரேகை, டிஎன்ஏ, பிணப் பரிசோதனை. "போலீஸ் வேலைக்கா போகப்போறே?" என்று பெரியம்மா தொடங்கி ஊரிலிருக்கும் மாமா வரை கேட்டாகிவிட்டது. அவர்கள் சொல்வது தடய அறிவியல், அது வேறு துறை. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் கிரிமினாலஜி பெரும்பாலும் சமூகவியலுக்குப் பக்கத்து வீடு. எது குற்றம் என்று யார் முடிவு செய்கிறார்கள், சிறை எதற்கு, சில தெருக்களில் மட்டும் போலீஸ் ஏன் எப்போதும் நிற்கிறது, இவைதான் பாடம். வாசிப்பு ஏராளம், கட்டுரை அதைவிட ஏராளம், ஆய்வகம் கிடையாது.

ஸ்பானிஷைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கினேன். அப்படித் தொடங்குகிறவர்களுக்குத் தனி வகுப்பு உண்டு, வேகம் மிரட்டும். பள்ளியிலேயே படித்து வந்தவர்களைக் கடைசி ஆண்டுக்குள் எட்டிப்பிடித்தாக வேண்டும் என்பது கணக்கு. தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் சில சலுகைகள் இருக்கின்றன. வினைமுற்றிலேயே ஆள் தெரிந்துவிடுவதால் 'நான்', 'நீ' என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியதில்லை. 'வந்தேன்' என்றால் நமக்குப் போதும், அவர்களுக்கும் அப்படித்தான். நாக்கை உருட்டிச் சொல்லும் ரகரத்துக்காக என் ஆங்கிலேயத் தோழிகள் கண்ணாடி முன்னால் நின்று பயிற்சி செய்தார்கள், நான் டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். நீ, நீங்கள் வேறுபாட்டையும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அடி வாங்கிய இடம் சப்ஜன்க்டிவ். விருப்பம், சந்தேகம், வேண்டுகோள் என்று வந்தாலே வினைச்சொல் வேறு உருவம் எடுத்துவிடும். அப்புறம், உயிரில்லாத பொருளுக்கும் பால் உண்டு. மேஜை பெண், புத்தகம் ஆண். காரணம் தேடினால் பைத்தியம் பிடிக்கும், மனப்பாடம்தான் வழி.

இந்தப் படிப்பின் மோசமான பகுதி நிர்வாகம். இரண்டு துறைகளுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. சிறைகள் பற்றிய விருப்பப் பாடமும் ஸ்பானிஷ் பேச்சு வகுப்பும் ஒரே நேரத்தில் வந்தன. கேட்டால் இவர்கள் அவர்களைக் கைகாட்டினார்கள், அவர்கள் இவர்களை. சிறைப் பாடத்தை விட்டுக்கொடுத்தேன், இன்றைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை. கட்டுரைகளுக்கான கடைசித் தேதிகளும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே வாரத்தில் வந்து விழும். விண்ணப்பிக்கிற பக்கத்தில் 'இரு துறை அறிவின் சங்கமம்' என்கிற ரீதியில் ஏதாவது போட்டிருந்தால், அதைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஓர் இலக்கிய வகுப்பு வந்தது. ஸ்பானிய எழுத்தாளர் செர்வாந்தேஸ் 1613இல் வெளியிட்ட கதைத் தொகுப்பில் ரின்கொனேத்தே, கொர்த்தாதியோ என்ற இரண்டு பையன்களின் கதை இருக்கிறது. பிழைப்புத் தேடி செவியா நகருக்கு வருகிறார்கள், சந்தையில் கைவரிசை காட்டுகிறார்கள். அப்புறம்தான் தெரிகிறது, அந்த ஊரில் திருடுவதற்கும் சங்கத்தில் பெயர் பதிய வேண்டும். தலைவர் மொனிபோதியோ. கிடைப்பதில் பங்கு, கோயிலுக்குக் காணிக்கை, காவலர்களோடு ஏற்பாடு எல்லாம் உண்டு. கூலிக்கு யாருக்கு எத்தனை கத்திவெட்டு போட வேண்டும், முன்பணம் எவ்வளவு வந்தது, பாக்கி எவ்வளவு என்று குறித்துவைக்க ஒரு ஏடுகூட உண்டு. கும்பல்கள் தமக்கென்று ஓர் ஆட்சியை எப்படி நடத்துகின்றன என்று கிரிமினாலஜி வகுப்பில் நாங்கள் படித்த கட்டுரைகள் எல்லாமே இதற்குச் சில நூற்றாண்டு பிந்தியவை. செர்வாந்தேஸே வரி வசூல் கணக்குச் சிக்கலில் 1597இல் செவியா சிறைக்குப் போனவர். அந்தச் சிறை நின்ற இடம் சியெர்பெஸ் தெருவில் இருக்கிறது. சிறை போய்விட்டது, அவர் பெயர் பொறித்த பலகை மட்டும் சுவரில்.

அதற்குப் பிறகு எங்கே தோண்டினாலும் ஏதாவது கிடைத்தது. பிரிட்டனுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே இருந்த குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1978இல் காலாவதியானது, புதியது 1985இல்தான் கையெழுத்தானது. இடைப்பட்ட வருடங்களில் லண்டன் கொள்ளையர்கள் பலர் தெற்கு ஸ்பெயினின் மலாகா பக்கத்துக் கடற்கரையில் வில்லா வாங்கிக்கொண்டு வெயில் காய்ந்தார்கள். எதிர்த் திசையில் இன்னொரு கதை. சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசெத் 1998 அக்டோபரில் லண்டன் மருத்துவமனையில் படுத்திருந்தபோது கைதானார். பிடியாணை போட்டது பல்தாசார் கார்சோன் என்ற ஸ்பானிய நீதிபதி. சர்வதேசக் குற்றம் பற்றிய எந்தப் பாடத்திலும் இந்த வழக்கு வந்தே தீரும். மூல ஆவணங்களை ஸ்பானிஷில் படிக்க முடிந்தவர்கள் எங்கள் கருத்தரங்கில் ஓரிருவர்தான்.

மூன்றாம் வருடம் ஸ்பெயினில். பிரெக்ஸிட்டுக்கு முன்னால் போனவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள், எங்களுக்கு விசா. ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதென்றால் போலீஸ் சான்றிதழ் வேண்டும், அதற்கு அப்போஸ்டில் என்ற சர்வதேசச் சான்றொப்ப முத்திரை, பிறகு ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு. குற்றத்தைப் படிக்கப் போகிறவள் குற்றம் எதுவும் செய்யவில்லை என்று மூன்று கட்டமாக நிரூபித்தேன். போய் இறங்கியதும் முகவரிப் பதிவு, வெளிநாட்டவர் அட்டை, அந்த அட்டைக்கு இணையத்தில் எந்நேரமும் தீர்ந்துபோயிருக்கும் அப்பாயின்ட்மென்ட். செலவுக் கணக்கு மட்டும் ஆறுதல். அப்போது ஆண்டுக் கட்டணம் 9,250 பவுண்டு. வெளிநாட்டில் முழு ஆண்டு இருந்தால் அதில் 15 சதவீதம்தான் வாங்கலாம் என்பதால் அந்த வருடம் 1,385 பவுண்டு. ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸுக்குப் பதிலாக வந்த ட்யூரிங் திட்டத்தில் உதவித்தொகையும் உண்டு. 2027இல் பிரிட்டன் மறுபடி எராஸ்மஸில் சேர ஒப்புக்கொண்டிருப்பதால் இனி வருகிறவர்களுக்கு ஏற்பாடு மாறும்.

செவியா பல்கலைக்கழகத்தில் மொழியும் இலக்கியமும் நடக்கும் கட்டடம் 18ஆம் நூற்றாண்டில் அரசுப் புகையிலைத் தொழிற்சாலையாகக் கட்டப்பட்டது. அதற்கென்று சொந்தமாக ஒரு சிறை இருந்தது, புகையிலை திருடும் தொழிலாளர்களை அடைப்பதற்கு. கிரிமினாலஜிக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் கிடையாது. ஆனால் ஸ்பெயினில் அந்தப் பாடம் பெரும்பாலும் சட்டத் துறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். லண்டனில் 'சிறை எதற்கு?' என்று கேட்டுக்கொண்டிருந்தவள் அங்கே போய்ச் சட்டப் பிரிவுகளை எண் வரிசையில் நெட்டுருப் போட்டேன்.

நெட்டுருப் போட்டதில் சில நிஜமாகவே யோசிக்கவைத்தன. தண்டனை மறுகல்வியையும் சமூகத்துக்குத் திரும்புவதையும் நோக்கியிருக்க வேண்டும் என்று 1978 அரசியல் சாசனமே 25ஆம் பிரிவில் சொல்கிறது. மறு வருடமே வந்த சிறைச் சட்டம் கைதிகளை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. இரண்டாம் படியில் ஆண்டுக்கு 36 நாள் வரை, மூன்றாம் படியில் 48 நாள் வரை வெளியே போய்வர விடுமுறை கிடைக்கலாம். பிரான்கோவின் சர்வாதிகாரத்திலிருந்து அப்போதுதான் வெளிவந்த நாடு எழுதிய சட்டம் இது என்பதை நினைத்துப் படித்தால் ஒவ்வொரு வரியிலும் யாரோ சிறையில் இருந்து பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றும். அதே நாடுதான் 2015இல் மறுபரிசீலனைக்கு உட்பட்ட ஆயுள் சிறையைக் கொண்டுவந்தது. வழக்கில் நேரடித் தொடர்பே இல்லாத குடிமகனும் குற்றம் சாட்டும் தரப்பாகச் சேரலாம் என்ற ஏற்பாடும் அங்கே உண்டு. இங்கிலாந்தில் எங்கள் பேராசிரியர்கள் இதைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எனக்கு ஆய்வேட்டுத் தலைப்பு கிடைத்தது புனித வாரத்தில். ஈஸ்டருக்கு முந்தைய அந்த வாரம் முழுக்க, செவியாவும் மலாகாவும் இருக்கும் ஆந்தலூசியா மாகாணமே தெருவில்தான் இருக்கும். மலாகாவில் 'ஏசு எல் ரிக்கோ' என்ற சுரூபத்தை வைத்திருக்கும் திருச்சபைச் சகோதரத்துவம் ஒன்று, வருடந்தோறும் புனித புதன்கிழமை ஒரு கைதிக்கு விடுதலை வாங்கித் தருகிறது. 18ஆம் நூற்றாண்டில் மூன்றாம் கார்லோஸ் மன்னர் காலத்தில் கொள்ளைநோய் பரவி ஊர்வலம் நிறுத்தப்பட்டதாம். கைதிகள் சிறையை உடைத்துவந்து சுரூபத்தைத் தோளில் சுமந்து ஊரைச் சுற்றிவிட்டு, ஒழுங்காகச் சிறைக்கே திரும்பிப் போனார்களாம். மன்னர் மனம் இளகி இந்த உரிமையைக் கொடுத்தார் என்பது ஐதீகம். சுரூபத்தின் வலது கை அசையும்படி செய்யப்பட்டது. கூட்டத்தின் முன்னால் அது உயர்ந்து ஆசி வழங்கும், விடுதலை பெற்றவர் ஊர்வலத்தோடு நடப்பார்.

பார்க்கிறவர்களுக்குப் பக்தி. ஆனால் உள்ளே இயங்குவது காகிதம். மன்னிப்பை வழங்குவது அரசு, அமைச்சரவை முடிவெடுக்க வேண்டும். அடிப்படையாக நிற்பது 1870ஆம் ஆண்டுச் சட்டம், இன்னும் அமலில் இருக்கிறது. நாட்டின் வேறு ஊர்ச் சகோதரத்துவங்களும் இப்படிக் கைதிகளுக்காக விண்ணப்பிக்கின்றன. யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், எந்தக் குற்றம் செய்தவர் 'தகுதியானவர்', மதச்சார்பற்ற அரசு ஏன் இந்த வேலையைச் செய்கிறது, இவைதான் என் கேள்விகள். ஸ்பானிஷ் இல்லாமல் அரசிதழ் அறிவிப்புகளை வாசித்திருக்க முடியாது. கிரிமினாலஜி இல்லாவிட்டால் அதை ஒரு திருவிழா வழக்கமாகப் பார்த்துவிட்டு பொரித்த மீன் சாப்பிடப் போயிருப்பேன்.

கடைசி ஆண்டில் வாசிப்பு லத்தீன் அமெரிக்காவுக்குத் திரும்பியது. மொழிக்காகப் பட்ட பாடு முழுவதும் இங்கே வட்டியோடு திரும்பி வந்தது. வெனிசுவேலாவின் ரோசா தெல் ஓல்மோ, அர்ஜென்டினாவின் ஸாஃபரோனி போன்ற கிரிமினாலஜி அறிஞர்கள் எங்கள் ஆங்கில வாசிப்புப் பட்டியலில் தலைகாட்டியதே இல்லை. ஐரோப்பாவில் தயாரான குற்றக் கோட்பாடுகள் கப்பலேறி வந்து, அங்கிருந்த மேல்தட்டுக்கு ஏழைகளை அடக்கும் கருவியாக எப்படிப் பயன்பட்டன என்று தெல் ஓல்மோ 1981லேயே எழுதிவிட்டார். எல் சால்வதோரில் கும்பல்களை ஒடுக்க 2022 மார்ச்சில் அறிவித்த நெருக்கடி நிலையைப் பற்றிய விவாதத்தில், வகுப்பில் பாதிப் பேர் 40,000 பேரை அடைக்கக்கூடிய மாபெரும் சிறையின் படங்களை மட்டுமே பார்த்திருந்தார்கள். அந்நாட்டின் 'எல் ஃபாரோ' பத்திரிகையை நேரடியாகப் படித்துக்கொண்டிருந்ததால் கைதானவர்களின் குடும்பங்கள் பேசுவதும், கும்பல் தொல்லை ஒழிந்தது என்று நிம்மதிப் பெருமூச்சு விடும் அக்கம்பக்கத்தாரின் குரலும் எனக்குத் தெரிந்திருந்தன. இரண்டும் உண்மை என்று சொன்னதற்கு யாரும் கைதட்டவில்லை.

வேலைக்கு வருகிறேன். பட்டத்தைக் காட்டியதும் யாரும் சிவப்புக் கம்பளம் விரிக்கவில்லை, ஒரு வருடத்துக்கு மேல் சம்பந்தமில்லாத அலுவலக வேலைதான். இப்போதைய வேலை கிடைத்தது ஸ்பானிஷால். தெற்கு லண்டனின் எலிஃபென்ட் அண்ட் காஸில் பகுதியிலும் வடக்கே செவன் சிஸ்டர்ஸ் பக்கமும் கொலம்பிய, எக்வதோர், பொலிவியக் குடும்பங்கள் நிறைய. சம்பளம் ஏமாற்றப்பட்டவர்கள், வீட்டில் அடி வாங்குகிறவர்கள், போலீஸிடம் போனால் விசா போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் எங்களிடம் வருகிறார்கள். செவியாவில் வார்த்தையின் கடைசி சகரத்தை விழுங்கிப் பழகிய காது, பொகோத்தாக்காரர்கள் தெளிவாகப் பேசுவதைக் கேட்டதும் நிம்மதியடைந்தது. அவர்கள் சொல்வதைக் கேட்டு, எந்தச் சட்டப் பாதுகாப்பு பொருந்தும் என்று பார்த்து அனுப்பிவைப்பது என் வேலை. சம்பளம் சுமார், மனநிறைவு பரவாயில்லை.

இந்தப் பட்டம் ஒன்றை மட்டும் தராது: மொழிபெயர்ப்பாளராக நீதிமன்றத்தில் நிற்கும் தகுதி. அதற்குப் பொதுச்சேவை மொழிபெயர்ப்புக்கான டிப்ளமோவைத் தனியாக எழுத வேண்டும், கட்டணமும் தனி. சேரும் முன் கேட்க வேண்டியவை இரண்டு. வெளிநாட்டு ஆண்டில் கிரிமினாலஜி பாடங்களும் எடுக்க முடியுமா, மொழிப் பாடம் மட்டுந்தானா? பத்துக்கு இத்தனை என்று ஸ்பெயினில் வரும் மதிப்பெண்ணை இங்கே எப்படி மாற்றுவார்கள்? பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.