ஆயத்தக் கோழிக்கூடு வாங்குவோர் கவனத்திற்கு

வீட்டு வளவில் ஊர்க்கோழி வளர்ப்பவர்கள், வீதியோரங்களில் செய்து விற்கப்படும் இரும்புக் கூடுகளுக்கு முற்பணம் கொடுக்குமுன் இதை வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பொங்கல் முடிந்த கையோடு 68,000 ரூபா கொடுத்து அப்படியொரு கூடு வாங்கினேன். மாசியில் அதைத் திருத்துவதற்கென்று மேலும் 14,000 ரூபா கொடுத்தேன். சித்திரை முடியுமுன் என்னிடமிருந்த 14 கோழிகளில் 9 போய்விட்டன. ஐந்தை மரநாய் கொன்றது. மற்ற நான்கையும் கொன்றது, மரநாயைத் தடுப்பதற்கென்று விற்றவரே செய்து தந்த திருத்தம். அவருடைய பெயரையோ கடை இருக்கும் இடத்தையோ நான் இங்கே எழுதப் போவதில்லை. பிறகு வேறு மூன்று இடங்களில் விசாரித்தபோதும் இதே கம்பியும் இதே கூரையுமாகவே கூடுகள் நின்றன என்பதால், ஆளைவிடப் பொருளைத்தான் நீங்கள் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

எங்கள் வளவுக்குப் பின்னால் பனங்கூடல் இருக்கிறது. பகலில் கீரி வேலிக்கு அடியால் வந்து போகும், குஞ்சு பொரித்தால் பிராந்து மேலே வட்டமிடும், இரவில் மரநாய் ஓட்டுக்கூரை மேல் நடக்கும் சத்தம் கேட்கும். இவை எல்லாவற்றையும் விற்றவரிடம் நான் முதலிலேயே சொல்லியிருந்தேன். அவர் கூட்டின் இரும்புச் சட்டத்தைக் கையால் தட்டிக்காட்டி, "அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, இதுக்குள்ளை எறும்பு போறதெண்டாலும் கேட்டுத்தான் போகவேணும்" என்றார். சட்டம் உண்மையாகவே பலமானதுதான். பச்சை வர்ணமும் பார்வைக்கு நன்றாக இருந்தது. நான் சட்டத்தைப் பார்த்தேனே தவிர, அதில் கட்டியிருந்த கம்பி வலையைக் கையால் தொட்டுப் பார்க்கவில்லை.

அந்த வலை, அறுகோணக் கண்களோடு முறுக்கிப் பின்னப்பட்ட மெல்லிய கம்பி. நாங்கள் எல்லோரும் கோழிவலை என்று சொல்லுவது அதைத்தான். கோழி வெளியே போகாமல் மறிப்பதற்கு அது போதும். வெளியிலிருந்து வரும் பிராணியைத் தடுக்கும் வலு அதற்கு இல்லை. நாய் இரண்டு தரம் பாய்ந்தால் அது வளையும், கண்ணின் அகலம் ஓர் அங்குலம் என்பதால் கீரியும் மரநாயும் கையை உள்ளே விட்டு, வலையோரமாக இருக்கும் கோழியின் கழுத்தையோ காலையோ பிடித்து இழுக்கவும் முடியும்.

மாசியில் ஒரு நாள் விடியப்புறம் சேவல் கூவவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. போய்ப் பார்த்தபோது கூட்டின் பின்பக்கக் கீழ் மூலையில், வலையைச் சட்டத்தோடு கட்டியிருந்த மெல்லிய கட்டுக்கம்பிகள் மூன்று அவிழ்ந்திருந்தன. வலை ஒரு சிறங்கை அகலத்துக்கு உள்நோக்கி மடிந்திருந்தது. அந்த மடிப்பின் நுனியில் சாம்பல் நிற மயிர் கொஞ்சம் சிக்கியிருந்தது. வலை அறுபட்டிருக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். முழ இடைவெளிக்கு ஒரு கட்டு என்று கட்டியிருந்தபடியால், மரநாய் அதைக் கடிக்க வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. உள்ளே சேவலும் நான்கு பேடுகளும் கழுத்தில் கடிபட்டுக் கிடந்தன. தின்னப்பட்டிருந்தது ஒன்று மட்டுமே. அடைபட்ட இடத்தில் கோழிகள் பதறிப் பறக்கும்போது மரநாய் பசிக்கு மேலாகவும் கொன்றுவிடும்.

விற்றவருக்கு அன்றே அறிவித்தேன். வந்து பார்த்தவர், பிழை தன் கம்பியில் இல்லை, கோழிகள் வெளியே தெரிவதால்தான் மரநாய்க்கு ஆசை வருகிறது என்று விளக்கம் சொல்லி, தெற்கு, மேற்கு, வடக்கு ஆகிய மூன்று பக்கங்களையும் தகரத்தால் மூடி ஆணி அறைந்துவிட்டார். அதற்குத்தான் அந்த 14,000 ரூபா. காற்று எப்படி வரும் என்று நான் கேட்டேன். முன்பக்கம் திறந்துதானே இருக்கிறது என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் 5 கோழிகளைப் பறிகொடுத்த பயத்தில் சம்மதித்துவிட்டேன். இன்றைக்கும் நான் நொந்துகொள்வது அந்தச் சம்மதத்தைத்தான்.

சித்திரை (ஏப்ரல்) நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். வாடைக் காற்று அதற்கு முன்பே ஓய்ந்துவிடும், சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று இன்னும் உறுதியாக எழும்பியிருக்காது, ஆகவே மத்தியானங்களில் ஓலை அசையாது. வருடப்பிறப்புக்கு அடுத்த நாள், உறவினர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் கோழிகளைத் திறந்துவிடாமல், தண்ணீரும் தீனும் வைத்துவிட்டுப் போனோம். இரண்டரை மணிக்குத் திரும்பி வந்தபோது நான்கு பேடுகள் தகரத்தோரமாகச் செட்டையை விரித்தபடி செத்துக் கிடந்தன. மிச்சம் ஐந்தும் வாசற்பக்க வலையில் அலகை வைத்து, வாய் திறந்து, தொண்டை துடிக்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர்ப் பாத்திரத்தில் கையை வைத்தேன். குளிக்க வைத்த வெந்நீரைப் போலச் சுட்டது. மறுநாள் அதே நேரத்தில் வெறுங்கூட்டுக்குள் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். வேப்பமர நிழலில் 34 பாகை காட்டியது, கூட்டுக்குள் 43 பாகையைத் தொட்டது.

விற்றவரோ அது நோய் என்று சாதித்தார். இறந்த கோழிகளில் ஒன்றை அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த வைத்தியர் பார்த்துவிட்டு, நோய்க்கான அடையாளம் இல்லை, வெக்கைதான் காரணம் என்று தெளிவாகச் சொன்னார். கோழியின் உடல் வெப்பம் இயல்பாகவே 41 பாகை அளவில் இருக்கும். அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. கொண்டை, தாடி, கால் ஆகியவற்றின் வழியாகவும், வாய் திறந்து மூச்சு வாங்குவதாலுமே அது சூட்டை வெளியேற்றுகிறது. சுற்றியுள்ள காற்று உடம்பைவிடச் சூடாகி, அசையாமலும் நின்றுவிட்டால், அந்தச் சூடு போக வழியில்லை. தகரக் கூரைக்குக் கீழே மூன்று பக்கத் தகரத்துக்குள் கோழியை அடைப்பது என்றால் என்ன என்பது எனக்கு அப்போதுதான் முழுமையாக விளங்கியது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். அவர் தந்திருந்தது ஒரு துண்டுக் காகிதம். அதில் "கூடு 1" என்றும் தொகையும் மட்டுமே எழுதப்பட்டிருந்தன, கையொப்பம்கூட இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்து முறையிடலாம். ஆனால் என்ன கம்பி, என்ன அளவு, எந்தத் திகதி, யார் விற்றது என்று எழுத்தில் இல்லாதபோது முறைப்பாட்டில் பிடித்து நிற்க ஒன்றும் இருக்காது. வலையின் கண் எத்தனை அங்குலம், கம்பி எத்தனை கேஜ் (தடிப்பைக் குறிக்கும் இலக்கம்) என்பதை எழுதிக் கையொப்பமிட்டுத் தரமாட்டோம் என்பவரிடம் தயவுசெய்து வாங்காதீர்கள்.

வலையைச் சோதிக்க அளவுகோல் தேவையில்லை. பெருவிரல் கண்ணுக்குள் நுழைந்தால் அந்த வலை வேண்டாம். கேட்க வேண்டியது, சந்திகள் ஒட்டப்பட்ட அரை அங்குலச் சதுரக்கண் வெல்ட்மெஷ். கேஜ் இலக்கம் குறையக் குறையக் கம்பி தடிக்கும் என்பதால், 19 கேஜுக்கு மேற்பட்ட இலக்கத்தை ஏற்க வேண்டாம். அதைக் கட்டுக்கம்பியால் கட்டாமல், சட்டத்தோடு இரும்புப் பட்டி வைத்துத் திருகாணியால் இறுக்கச் சொல்லுங்கள். கதவுக்கு வெறும் கொளுக்கி போதாது. நான் இப்போது மேலும் கீழும் திறாங்கு போட்டு, மேலே ஆமைப்பூட்டும் போடுகிறேன். கீரி மண்ணைக் கிளறி அடியால் நுழையும் பிராணி. ஆகவே கூட்டைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்கு அதே வலையை நிலத்தில் படுக்கையாக விரித்து, மேலே நாலு அங்குலம் மண் மூடிவிட்டோம். கூட்டோரம் தோண்டத் தொடங்கும் கீரிக்குக் கம்பிதான் தட்டுப்படும். பின்னால் நகர்ந்து தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றுவதில்லை.

தகரம் மூன்றையும் கழற்றிவிட்டேன். கூரைத் தகரத்தை அகற்ற முடியாததால், அதற்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு மரச்சலாகை அடித்து, பக்கத்து வீட்டு அண்ணையின் உதவியோடு கிடுகு வேய்ந்தோம். இடைவெளியில் காற்று ஓடுவதால் இப்போது கூட்டுக்குள் இருக்கும் சூடு, மரநிழலிலும் பார்க்க இரண்டு பாகைக்கு மேல் ஏறுவதில்லை. மேற்கு வெயிலுக்குச் சாக்கை நனைத்து, வலையிலிருந்து சற்றுத் தள்ளித் தொங்கவிடுகிறேன். தண்ணீர் மண்சட்டியில், நிழலில், மத்தியானம் ஒருமுறை மாற்றி வைக்கிறேன். தீன் செரிக்கும்போதும் உடம்பில் சூடு பிறக்கும் என்பதால் குறுணலும் தவிடும் விடியவும் பின்னேரமும்தான். கோழி வாய் திறந்து மூச்சு வாங்கி, செட்டையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தால் உடனே நிழலுக்கு எடுத்து, காலையும் கொண்டையையும் சாதாரணக் கிணற்றுத் தண்ணீரால் நனையுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கினால் அதிர்ச்சியிலேயே செத்துப்போகலாம்.

இந்த வேலைகளுக்கு எனக்குச் செலவானது 19,000 ரூபா. அதில் பெரும்பகுதி வலைக்கே போனது. மரநாய் இப்போதும் வருகிறது. போன கிழமை கூரைக் கிடுகில் அதன் எச்சம் கிடந்தது, வலையில் ஒரு கண்கூட வளையவில்லை. விற்றவரிடமிருந்து இதுவரை ஒரு ரூபாவும் திரும்பி வரவில்லை. தப்பிய ஐந்து பேடுகளில் மூன்று இந்த மாதம் மீண்டும் முட்டையிடத் தொடங்கியுள்ளன. ஆனால் வெக்கை பட்டதனால் முட்டையின் ஓடு இன்னும் மெல்லியதாகவே இருக்கிறது, கூட்டிலிருந்து எடுக்கும்போதே விரல் பட்டு உடைகிறது.