அஞ்சு வருஷ இன்டக்ரேட்டட் எம்.எஸ்சி.ல சேரலாமா? படிச்சு முடிச்சவ எழுதற ரிவ்யூ

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னிக்கு சாயங்காலமே எனக்கு போன் வர ஆரம்பிச்சுரும். சித்தி பொண்ணு, ஆபீஸ்ல கூட வேலை பாக்கற அண்ணனோட பையன், அம்மாகூட கோயிலுக்கு வர்ற அக்கா, எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான், "நீ படிச்சியே அந்த அஞ்சு வருஷ கோர்ஸ், அதுல சேத்தி விடலாமா கண்ணு?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி தொண்டை வத்திப்போச்சு, அதான் இந்தத் தடவை உக்காந்து முழுசா எழுதிடறேன். நான் படிச்சது 2015ல இருந்து 2020 வரைக்கும், எம்.எஸ்சி. சாஃப்ட்வேர் சிஸ்டம்ஸ், பிளஸ் டூ முடிச்ச கையோட சேர்ந்து அஞ்சு வருஷம் கழிச்சு நேரா எம்.எஸ்சி.யோட வெளிய வர்ற படிப்பு. காலேஜ் பேர் வேண்டாம், ஏன்னா குறையும் சொல்லப்போறேன், அதோட இது ஒரு காலேஜைப் பத்தின ரிவ்யூ இல்ல, இந்த மாதிரி படிப்பைப் பத்தினது.

நம்ம ஊர்ல இந்த கோர்ஸ் புதுசு இல்லைங்க. கோயமுத்தூர்ல பி.எஸ்.ஜி. டெக், கோயமுத்தூர் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி (சி.ஐ.டி.), சென்னைல கிண்டி இன்ஜினியரிங் காலேஜ், மதுரைல தியாகராஜர் இன்ஜினியரிங் காலேஜ், இங்கெல்லாம் கம்ப்யூட்டர், டேட்டா சயின்ஸ் பக்கம் இருக்குது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துல இயற்பியல், வேதியியல், கணிதம்னு இருக்குது, அதுக்கு சி.யூ.இ.டி.ங்கற நுழைவுத் தேர்வு எழுதணும். மத்ததுக்கு பொதுவா இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல இந்த சீட் வராது, தனியா அப்ளிகேஷன் போடணும். இது தெரியாம கவுன்சிலிங் முடியட்டும்னு காத்திருந்து தேதியைத் தவறவிட்டவங்க எனக்குத் தெரிஞ்சே மூணு பேர் இருக்காங்க.

முதல்ல ஒரு தப்பான எண்ணத்தை எடுத்துடறேன். "ரெண்டு டிகிரி சேர்ந்து வருது, ஒரு வருஷம் மிச்சம்"னு சொல்லித்தான் நிறைய பேர் சேர்க்கறாங்க. கணக்கு போட்டுப் பாருங்க, பி.எஸ்சி. மூணு, எம்.எஸ்சி. ரெண்டு, மொத்தம் அஞ்சு. இதுவும் அஞ்சு. ஒரு நாள் கூட மிச்சம் இல்ல. நிஜமாவே வருஷம் குறையறது ஐ.ஐ.டி. டூயல் டிகிரி மாதிரி படிப்புலதான், பி.டெக். நாலு, எம்.டெக். ரெண்டு, தனித்தனியா படிச்சா ஆறு, அங்க சேர்த்துப் படிச்சா அஞ்சுல முடிஞ்சுரும். ஆனா அதுக்குள்ள போக ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தாண்டணும்.

அப்பறம் எதுக்குடா சேரணும்னு கேட்டா, மூணாவது வருஷ முடிவுல நடுவுல ஒரு தடுப்பு போட்டு நிறுத்த மாட்டாங்க, அதுக்குத்தான். என் பெரியப்பா பையன் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சான், என் வயசுதான். ஆறாவது செமஸ்டர் முழுக்க அவன் எந்த காலேஜ்ல பி.ஜி. கிடைக்கும், எந்த என்ட்ரன்ஸ் எழுதறது, டி.சி. எப்ப குடுப்பாங்க, மைக்ரேஷன் சர்டிபிகேட்டுக்கு எவ்வளவு நாள் ஆகும்னே அலைஞ்சான், கடைசில அந்த வருஷம் எங்கயும் சேராம வீட்ல இருந்தான். அதே ஆறாவது செமஸ்டர்ல நான் லேப்ல உக்காந்து ஆபரேட்டிங் சிஸ்டம் அசைன்மென்ட் பண்ணிட்டு இருந்தேன், ஜூலைல எந்த அலைச்சலும் இல்லாம அதே கோர்ஸ்ல அடுத்த செமஸ்டர். எங்க வீட்ல நான்தான் முதல் பட்டதாரி, மூணு வருஷம் முடிஞ்சிருந்தா "போதும், கல்யாணம் பாக்கலாம்"னு பேச்சு வந்திருக்கும், நிச்சயமா வந்திருக்கும். கோர்ஸே அஞ்சு வருஷம்ங்கறதால அந்தப் பேச்சை யாரும் எடுக்கவே இல்ல. பொண்ணுங்களை இதுல சேர்க்கச் சொல்லி நான் வற்புறுத்தறதுக்கு முதல் காரணம் இதுதான்.

ரெண்டாவது காரணம் ப்ராஜெக்ட் செமஸ்டர். எங்களுக்கு ஏழாவது செமஸ்டரும் பத்தாவது செமஸ்டரும் முழுசா கம்பெனில. கிளாஸ் கிடையாது, காலேஜ் பக்கமே வர வேண்டாம், மாசம் ஒரு தடவை ரிப்போர்ட் அனுப்பினா போதும். ஏழாவது செமஸ்டர்ல சென்னைல ஒரு சின்ன கம்பெனி, வேளச்சேரில நாலு பேர் ஒரு ரூம்ல தங்கியிருந்தோம். குடோன்ல எவ்வளவு சரக்கு இருக்குன்னு காட்டற ஒரு ஸ்கிரீன், அதுதான் எனக்குக் குடுத்த வேலை. ஒரு வாரம் உயிரைக் குடுத்து எழுதி, சீனியருங்க பாத்து தப்பைக் குறிக்கற கோட் ரிவ்யூக்கு அனுப்பினேன், மறுநாள் காலைல திறந்து பாத்தா 34 கமென்ட். வேரியபிள் பேர்ல இருந்து, டேட்டாபேஸை ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியா போய்க் கேக்கறது வரைக்கும் எல்லாத்தையும் குறிச்சிருந்தாங்க. அன்னிக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கல. ஆனா என்னோட டீம் லீடா இருந்த அக்கா பக்கத்துல சேரைப் போட்டு உக்காந்து ஒவ்வொண்ணா காட்டினாங்க, "பாரு, பத்து அயிட்டம் இருக்கறப்ப இது ஓடும், பத்தாயிரம் இருந்தா ஸ்கிரீன் நின்னுரும்"னு ஓட்டியே காட்டினாங்க. மூணு வருஷமா டேட்டாபேஸ் புத்தகத்துல படிச்ச ஜாயின், இண்டெக்ஸ் எல்லாம் எதுக்குன்னு அந்த ஒரு மத்தியானத்துலதான் புரிஞ்சுது. திரும்பி எட்டாவது செமஸ்டருக்கு வந்தப்ப நாங்க கிளாஸ்ல கேட்ட கேள்வியே வேற மாதிரி இருந்துச்சு. கம்பெனிக்குப் போய்ட்டு மறுபடி கிளாசுக்கு வர்றது, இதை மூணு வருஷ படிப்புல இந்த அளவுக்கு நுழைக்க இடமே இருக்காது.

சரி, இப்ப குறைக்கு வர்றேன், இதைக் கவனமா படிங்க.

எங்க கிளாஸ்ல ஒருத்தன், நல்லா படிக்கறவன், மூணாவது வருஷம் முடியற நேரத்துல அவங்க அப்பாவுக்கு பக்கவாதம். வீட்டுக்கு மூத்த பையன். மூணு வருஷம் முடிஞ்சுருச்சே, பி.எஸ்சி. குடுத்துட்டா ஏதாவது வேலைக்குப் போயிருவேன்னு ஆபீஸ்ல போய்க் கேட்டான். எங்க ரெகுலேஷன்ல, அதாவது கோர்ஸ் விதிமுறைல, நடுவுல வெளிய போற வழியே இல்ல, படிச்சா அஞ்சு வருஷம், இல்லாட்டி ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. கைல ஆறு செமஸ்டர் மார்க் ஷீட் இருக்குது, சட்டப்படி அவன் பிளஸ் டூ பாஸ். கடன் வாங்கி, சாயங்காலம் ட்யூஷன் எடுத்து, மீதி ரெண்டு வருஷம் இழுத்தான். முடிச்சுட்டான், ஆனா அந்த ரெண்டு வருஷம் அவன் முகத்தைப் பாத்தவங்களுக்குத் தெரியும். அந்த மாதிரி நிலைமைல ஒரு பி.எஸ்சி. சர்டிபிகேட் எவ்வளவு பெரிய விஷயம்னு அப்பதான் எங்க எல்லாருக்குமே உறைச்சுது.

இன்னொண்ணு என் ரூம்மேட்டுக்கு நடந்தது. அவ வேற ஒரு இடத்துல அஞ்சு வருஷ இன்டக்ரேட்டட் இயற்பியல் படிச்சவ, அரசு வேலைக்கான தேர்வு ஒண்ணு எழுதி பாஸ் பண்ணிட்டா, சான்றிதழ் சரிபார்ப்புக்கு நானும் துணைக்குப் போனேன். பச்சை டேக் போட்ட ஃபைல், எல்லாமே ரெண்டு செட் ஜெராக்ஸ். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு அச்சடிச்ச தாள்ல விரலை வச்சு மேல இருந்து கீழ வந்தார்: பத்து, டிக். பன்னெண்டு, டிக். யு.ஜி., அதாவது இளநிலைப் பட்டம்ங்கற கட்டத்துல விரல் நின்னுருச்சு. "யு.ஜி. எங்கம்மா?" "சார், இது சேர்ந்த டிகிரி, தனியா யு.ஜி. கிடையாது." "அது சரிம்மா, இந்தக் கட்டத்துல நான் என்ன எழுதறது?" அவர் கோபமாவும் கேக்கல, நிஜமாவே அவருக்குத் தெரியல. கடைசில முதல் மூணு வருஷம் யு.ஜி.க்கு சமம்னு பல்கலைக்கழகத்துல இருந்து கடிதம் கொண்டு வாங்கன்னு தேதி குடுத்தார். அன்னிக்கு ராத்திரியே பஸ் ஏறினா, மூணு நாள் அந்த ஆபீஸ் வாசல்ல நின்னு சீல் போட்ட கடிதத்தோட வந்தா. வேலை கிடைச்சுது. ஆனா அந்த மூணு நாள் அவ சாப்பிட்டாளா தூங்கினாளான்னே எனக்குத் தெரியாது.

இது எல்லா காலேஜ்லயும் இப்படி இல்ல. மூணு வருஷம் முடிச்சா பி.எஸ்சி. வாங்கிட்டு வெளிய போகலாம்னு வழி வச்சிருக்கற இடமும் இருக்குது. அந்த வழி இருந்தா வெளிய போறதுக்கு மட்டும் இல்ல, மேல போறதுக்கும் உதவும், ஏன்னா ஐ.ஐ.டி.ல எம்.எஸ்சி. சேர ஜாம்ங்கற நுழைவுத் தேர்வு மட்டும் போதாது, ஒரு இளநிலைப் பட்டமும் வேணும், எங்களை மாதிரி நடுவுல ஒண்ணுமே குடுக்காத கோர்ஸ்ல இருந்தா அந்தக் கதவு மூடிடும். அரசு ஆசிரியர் வேலை, பி.எட். இந்தப் பக்கம் எண்ணம் இருக்கறவங்க இதைக் கேக்காம சேரவே சேராதீங்க. அதே மாதிரி சாஃப்ட்வேர் எம்.எஸ்சி.ன்னா அது எம்.எஸ்சி.தான், பி.இ. இல்ல, பொதுத்துறை நிறுவனங்கள்ல இன்ஜினியர் வேலைக்கு பெரும்பாலும் பி.இ., பி.டெக். தான் கேக்கறாங்க. நான் படிச்சது இன்ஜினியரிங் காலேஜ் கேம்பஸ்தானேன்னு சொன்னா அங்க எடுபடாது.

சம்பள விஷயமும் ஒண்ணு சொல்லணும். எங்க கேம்பஸ்க்கு வந்த கம்பெனில பாதிக்கு மேல பி.இ.க்கும் எங்களுக்கும் ஒரே பேக்கேஜ்தான். அவங்க நாலு வருஷம், நாங்க அஞ்சு. அந்த ஒரு வருஷச் சம்பளம் போனது போனதுதான், வீட்ல பணம் உடனே தேவைன்னா இதை யோசிச்சுக்கங்க. ஆனா வெளிநாட்டுல மேல படிக்க அப்ளை பண்ணினவங்களுக்கு இது நல்லாவே கை கொடுத்துச்சு, அமெரிக்கால நிறைய யுனிவர்சிட்டில மூணு வருஷ பி.எஸ்சி.யை மட்டும் வச்சுக்கிட்டுப் போனா தயங்குவாங்க, எங்க பேட்ச்காரங்களுக்கு அந்தக் கேள்வியே வரல.

அறிவியல்ல நிஜமான ஆசை இருக்கற பசங்களுக்கு நான் எங்க கோர்ஸைச் சொல்ல மாட்டேன், ஐசர்னு மத்திய அரசோட அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்குது, அதைப் பாருங்கன்னுதான் சொல்லுவேன். புனே, கொல்கத்தால 2006ல ஆரம்பிச்சு இப்ப ஏழு இடத்துல இருக்குது, நமக்குப் பக்கத்துல திருவனந்தபுரமும் திருப்பதியும். பி.எஸ்.-எம்.எஸ். அஞ்சு வருஷம், கடைசி வருஷம் ஆராய்ச்சி. ஐ.ஏ.டி.ன்னு ஒரு என்ட்ரன்ஸ், உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் நாலுலயும் 15, 15 கேள்வி, மூணு மணி நேரம். அங்க எனக்குப் பிடிச்சது, ஆரம்ப வருஷங்கள்ல எல்லா அறிவியலையும் படிச்சுப் பாத்துட்டு அப்பறமா எதுன்னு முடிவு பண்ணலாம். பதினேழு வயசுல ஒரு பேப்பர்ல டிக் அடிச்சுட்டு அஞ்சு வருஷம் அதுலயே இருக்கணும்ங்கறது எங்க கோர்ஸோட பெரிய பாரம், எங்க கிளாஸ்லயே ரெண்டாவது வருஷத்துல இது எனக்கான படிப்பு இல்லைன்னு தெரிஞ்சும் மாற முடியாம உக்காந்திருந்தவங்க இருந்தாங்க. போர்டு பரீட்சைல முதல் ஒரு சதவீதத்துல வந்த பசங்க அடிப்படை அறிவியல் படிச்சா இன்ஸ்பயர் உதவித்தொகை வருஷத்துக்கு 80,000 ரூபாய், அதையும் கேட்டு வச்சுக்கங்க.

இப்ப புதுசா வேற வழியும் வந்திருக்கு. நாலு வருஷ டிகிரி முடிச்சா எம்.எஸ்சி. ஒரே வருஷம்னு யு.ஜி.சி. கொண்டு வந்திருக்கு, நாலு வருஷத்துல 75 சதவீதம் இருந்தா நேரா பி.எச்டி.க்கே போகலாம். 2024ல இன்னொண்ணு அறிவிச்சாங்க, நல்லா படிக்கறவங்க சீக்கிரமே முடிச்சுக்கலாம்னு, மூணு வருஷ டிகிரியை அஞ்சு செமஸ்டர்ல, நாலு வருஷத்தை ஆறு, ஏழு செமஸ்டர்ல, மொத்த சீட்ல பத்து சதவீதம் பேருக்கு மட்டும். இதைக் கேட்டுட்டு எங்க சித்தப்பா "ஆறு மாசம் மிச்சம்ல?"ன்னு குதிச்சார். சித்தப்பா, அந்த ஆறு மாசத்துலதான் எனக்கு 34 கமென்ட் வந்துச்சு. அதை மிச்சம் பிடிச்சிருந்தா நான் இன்னிக்குப் பாக்கற வேலைல பாதி கூடத் தெரியாம வந்திருப்பேன். வீட்டு நிலைமையால அவசரமா வெளிய வந்தே ஆகணும்ங்கறவங்களுக்கு அது வரம், மத்தவங்க எதுக்கு ஓடணும்?

என்னோட மார்க் அஞ்சுக்கு நாலு. அந்த ஒரு மார்க்கைக் கழிச்சது அந்த பி.எஸ்சி. சர்டிபிகேட்டுக்காக.

போன வாரம் சித்தி பொண்ணு ரெண்டு காலேஜ் ப்ராஸ்பெக்டஸ் கொண்டு வந்தா. ரெண்டு பேரும் உக்காந்து ரெகுலேஷன் பக்கத்தை மட்டும் தேடிப் படிச்சோம், ஒண்ணுல மூணு வருஷத்துல பி.எஸ்சி. வாங்கிக்கலாம்னு தெளிவா போட்டிருந்துச்சு, இன்னொண்ணுல எதுவுமே இல்ல. ரெண்டாவது காலேஜுக்கு அவளையே போன் பண்ணச் சொன்னேன். "கேட்டா குடுப்போம்மா, முன்னாடி ஒருத்தருக்கு குடுத்திருக்கோம்"னாங்க. எழுத்துல தர முடியுமான்னு கேட்டா, மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்றோம்னு வச்சுட்டாங்க. மூணு நாள் ஆச்சு, இன்னும் கூப்பிடல. முதல் காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டாச்சு.