"கண்ணுக்கு ஒண்டும் செய்யாது ரீச்சர்": டெப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

யாழ்ப்பாணத்தில் டெப் (டப்லெட்) அல்லது புதுப் போன் வாங்க நிற்கிறவர்கள், அதிலும் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே கண் எரிந்து தலையிடிக்கிற ஆட்கள், காசைக் கொடுக்கும் முன் இதை வாசியுங்கள். நகரத்துக்குள் இருக்கிற ஒரு கடையில் நான் கேட்டது ஒன்று, தந்தது வேறொன்று. அதைச் சொல்லப் போன இடத்தில் இன்னும் இரண்டு சாமானைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. எனக்குச் சொன்ன அதே கதையை வேறு கடைகளிலும் சொல்லியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபின், கதையைச் சொல்வதுதான் உங்களுக்கு உதவும் என்று படுகிறது.

நான் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை. கனடாவில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு சூமில் தமிழ் படிப்பிக்கிறேன். ரொறன்ரோவில் பின்னேரம் ஏழு மணி என்றால், கோடைகாலத்தில் இங்கே விடிய நாலரை. வீட்டில் எல்லோரும் நித்திரை, அறையில் பெரிய லைட் போட முடியாது, திரையின் வெளிச்சத்தையும் நன்றாகக் குறைத்துத்தான் வைக்க வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தப் பிரச்சினை முழுவதும் அந்தக் குறைந்த வெளிச்சத்தில்தான் இருக்கிறது.

பழைய டெப் வருடக்கணக்கில் ஒரு தொந்தரவும் தரவில்லை. பற்றரி ஊதிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் மகனின் புதுப் போனில் ஒருநாள் வகுப்பு எடுத்துவிட்டு நெற்றிப் பொட்டு இரண்டும் வெடிக்கிற மாதிரித் தலையிடி வந்தது. ரொறன்ரோவில் இருக்கிற தங்கையின் மகன்தான், அந்தப் போனின் திரை விட்டு விட்டு எரிகிற வகை, சிலருக்கு அது ஒத்துவராது என்று விளங்கப்படுத்தினான். ஆகவே கடைக்குப் போகும்போதே என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டுதான் போனேன்.

கேட்டதும் தெளிவாகத்தான் கேட்டேன். "தம்பி, எனக்குத் திரை மினுங்கக் கூடாது. வெளிச்சத்தைக் குறைச்சாலும் விட்டு விட்டு எரியாத டெப் ஒண்டு வேணும்."

"இதைக் கொண்டு போங்கோ ரீச்சர். இது பிளிக்கர் ப்ரீ. எல்சிடி தானே, எல்சிடியில மினுங்கலே இல்லை. கண்ணுக்கு ஒண்டும் செய்யாது."

பெட்டியில் அப்படி எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். பெட்டியில் எல்லாம் போட மாட்டார்கள், நாங்கள் சொல்கிறோம் தானே என்றார். வெளிச்சத்தைக் குறைத்துப் பார்க்கலாமா என்றதற்கு, பெட்டியின் சீலை உடைத்தால் எடுக்கத்தான் வேண்டும் என்று பதில் வந்தது. காட்சிக்கு வைத்திருந்த டெப் முழு வெளிச்சத்தில் பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. 79,000 ரூபா கட்டி வாங்கினேன்.

முதல் வகுப்பு முடியவே கண்ணுக்குப் பின்னால் நோ தொடங்கிவிட்டது. அடுத்த வகுப்பில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே குமட்டல். பகலில், விறாந்தையில் வெளிச்சத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. அறையை இருட்டாக்கி, வெளிச்சத்தைக் கால்வாசிக்கு இறக்கி, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அதன் முன்னால் ஒரு பேனையை வேகமாக ஆட்டிப் பார்த்தேன். மினுக்கம் இல்லாத திரை என்றால் பேனை ஒரே மங்கலான நிழலாகத் தெரியும். இதில் ஐந்தாறு பேனைகள் விசிறி விரித்த மாதிரித் தனித்தனியாகத் தெரிந்தன. பிறகு மகனின் போன் கமராவில் ஷட்டர் வேகத்தை 1/2000 செக்கனுக்கு வைத்துப் பிடித்தபோது திரைக்குக் குறுக்காகத் தடித்த கறுப்புப் பட்டிகள். வெளிச்சத்தைக் குறைக்கக் குறைக்கப் பட்டி தடித்தது.

விஷயம் இதுதான். பல திரைகளில் வெளிச்சத்தைக் குறைத்தால் விளக்கு உண்மையில் மங்குவதில்லை. முழு வெளிச்சத்தில் எரிகிறது, அணைகிறது, மறுபடி எரிகிறது. அணைந்திருக்கிற நேரம் கூடக் கூட நமக்கு மங்கலாகத் தெரிகிறது. இதற்கு பி.டபிள்யூ.எம் என்று பெயர். பின்விளக்கு இல்லாமல் திரைப் புள்ளிகளே எரிகிற ஓலெட், அமோலெட் திரைகளில் இது மிகச் சாதாரணம். செக்கனுக்கு 240 தரம், 480 தரம் என்று எரிந்து அணைகிற போன்கள் நிறைய இருக்கின்றன. சில சீன நிறுவனங்கள் இதை 1920, 2160, 3840 என்று கூட்டியிருக்கின்றன; அவ்வளவு வேகம் பொதுவாகக் கண்ணுக்கு இதம். ஐபோன் 2017இல் வந்த எக்ஸ் மொடலில்தான் முதன்முதலில் ஓலெட்டுக்கு மாறியது. ஐபாட் புரோ 2024இல் மாறியது. ஆகவே "போன வருஷம் வரைக்கும் இந்தக் கம்பனி எனக்கு ஒத்துவந்தது" என்ற கணக்கும் சரிவராது.

எல்சிடி என்றால் மினுங்காது என்று கடையில் சொன்னார்களே, அது அரை உண்மை. எல்சிடிக்குப் பின்னால் இருப்பதும் எல்.ஈ.டி விளக்குத்தான். நல்ல எல்சிடியில் அந்த விளக்குக்குப் போகிற மின்னோட்டத்தையே குறைத்து மங்கலாக்குவார்கள், மினுக்கம் இராது. செலவைக் குறைத்துச் செய்த எல்சிடிகளில் அந்த விளக்கையே வெட்டி வெட்டி எரிய விடுவதும் உண்டு. எனக்குக் கிடைத்தது அந்தச் சாதி.

எல்லோருக்கும் இது நோகாது. என் மகன் அதே போனை இரவிரவாகப் பார்க்கிறான், ஒரு கேடும் இல்லை. இந்த வேகத்தில் எரிவதைக் கண் மினுக்கமாகக் காணாது. ஆனாலும் சிலருக்குத் தலையிடி, குமட்டல், கண் கூச்சம் வரும், ஒற்றைத் தலையிடிக்காரருக்கு இன்னும் மோசம். எல்.ஈ.டி விளக்குகள் பற்றி ஐ.ஈ.ஈ.ஈ என்ற பொறியியலாளர் அமைப்பு 2015இல் 1789 என்ற இலக்கத்தில் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதன்படி முழுதாக எரிந்து முழுதாக அணைகிற விளக்கு என்றால் 1250 ஹேர்ட்ஸுக்கு (அதாவது செக்கனுக்கு 1250 தரத்துக்கு) மேலே ஆபத்துக் குறைவு, 3000க்கு மேலே அவதானிக்கக்கூடிய பாதிப்பு இல்லை. 240 எங்கே நிற்கிறது என்று நீங்களே பாருங்கள்.

சரி, திரும்பக் கடைக்குப் போனேன். படத்தையும் காட்டினேன். இந்த முறை முதலாளியே வந்தார். "ரீச்சர், இது 90 ஹேர்ட்ஸ் டிஸ்பிளே. 60 ஹேர்ட்ஸ்தான் கண்ணுக்குக் கூடாது" என்றார். இங்கேதான் பலரை மடக்குகிறார்கள். 60, 90, 120 என்று பெட்டியில் போடுகிற இலக்கம் திரையில் படம் செக்கனுக்கு எத்தனை தரம் மாறுகிறது என்பது. விளக்கு எத்தனை தரம் எரிந்து அணைகிறது என்பது முற்றிலும் வேறு. 120 ஹேர்ட்ஸ் திரை 240இல் மினுங்கலாம். 60 ஹேர்ட்ஸ் திரை மினுங்காமலே இருக்கலாம். இரண்டுக்கும் அளவு ஹேர்ட்ஸ் என்பதால் கடைக்காரருக்கு வசதி.

நான் விடவில்லை என்றதும் லாச்சியைத் திறந்து ஒரு சின்ன டோர்ச்சும் ஒரு அட்டையும் எடுத்தார். டோர்ச்சை அடித்தால் அட்டையில் நீலப் புள்ளி. நடுவே, நீல ஒளியை மறிக்கும் என்று சொல்லித் திரையில் ஒட்டுகிற "புளூ கட்" கிளாஸைப் பிடித்தால் புள்ளி மறைந்தது. "பாத்தியளா, கண்ணுக்குப் போற கெட்ட வெளிச்சம் எல்லாத்தையும் இது மறிக்கும். 3,500 தான், உங்களுக்கு 3,000க்குத் தாறன்." ஊரில் கண்கட்டி வித்தை பார்த்து வெகுகாலம், இதை அந்தக் கணக்கில் வைக்கலாம். இப்படியான டோர்ச்சுகளில் வருவது பெரும்பாலும் 405 நானோமீற்றர் அளவிலான ஊதா ஒளி. திரையின் நீலம் 450 அளவில் இருக்கிறது. அந்தக் கிளாஸ் ஊதாவை நிறுத்தும். திரையின் நீலத்தில் பெரும்பங்கு அப்படியே வரும். வராவிட்டால் படத்தின் நிறமே மஞ்சளாகிவிடும் அல்லவா? அதைவிடப் பெரிய விஷயம், எந்தக் கிளாஸை ஒட்டினாலும் பின்னால் விளக்கு எரிந்து அணைவது நிற்காது.

கிளாஸ் வேண்டாம் என்றதும், தெரிந்த கண்ணாடிக் கடை ஒன்றைச் சொல்லி, "நாங்கள் அனுப்பினது எண்டு சொல்லுங்கோ, புளூ கட் கண்ணாடி குறைச்சுப் போட்டுத் தருவினம்" என்றார். அங்கே போகவில்லை. புளூ கட் கண்ணாடி பற்றி 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கிற கொக்ரேன் என்ற அமைப்பின் மீளாய்வு ஒன்று 2023இல் வந்தது. கணினி வேலையால் வரும் கண் களைப்பு இந்தக் கண்ணாடியால் குறைவதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. அமெரிக்கக் கண் வைத்தியர் சங்கமும் திரை பார்ப்பதற்கென்று இதைப் பரிந்துரைப்பதில்லை.

கடைசியாகக் கேட்டேன், மாற்றித் தாருங்கள் அல்லது காசைத் தாருங்கள் என்று. பில்லின் அடியில் இருந்த வரியைக் காட்டினார்: விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது. "டெப் வேலை செய்யுது தானே ரீச்சர், உங்கட கண்ணுக்கு நாங்கள் வாரண்டி குடுக்கேலாது." பக்கத்தில் நின்ற பெடியள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது என்று சொன்னாலும் பிழையில்லை.

இடையில் கண் டொக்ரரிடமும் காட்டினேன், அதை நீங்களும் தவறவிடாதீர்கள். எல்லாத் தலையிடிக்கும் மினுக்கம் காரணமல்ல. திரையைப் பார்க்கும்போது நாம் கண் இமைப்பது குறைந்து கண் உலர்கிறது. கண்ணாடியின் பவர் பிழைத்திருந்தாலும் இதே நோதான். எனக்குப் பவர் சரி, உலர்வு கொஞ்சம் என்று சொட்டு மருந்து தந்தார். 20 நிமிடத்துக்கு ஒருக்கால் 20 அடிக்கு அப்பால் 20 செக்கன் பார்க்கச் சொன்னார். மருந்து போட்டுப் பழைய டெப்பில் பார்த்தால் சுகம், புது டெப்பில் பார்த்தால் பழைய குருடி கதவைத் திறடி. வீட்டு பல்ப்பையும் ஒருக்கால் சந்தேகப்படுங்கள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மலிவான எல்.ஈ.டி பல்ப் சில அதனால் செக்கனுக்கு 100 தரம் மினுங்கும்.

கடையில் எப்படிப் பார்ப்பது? கஸ்தூரியார் வீதியில் வாங்கினாலும் கொழும்பில் வாங்கினாலும் முறை ஒன்றுதான். காட்சிக்கு வைத்த போனையோ டெப்பையோ கையில் எடுத்து, தன்னால் வெளிச்சம் மாறும் செட்டிங்கை நிறுத்தி, வெளிச்சத்தைக் கால்வாசிக்குக் கீழே இறக்குங்கள். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறவுங்கள். உங்கள் போன் கமராவில் புரோ மோட் இருந்தால் ஷட்டரை 1/1000 செக்கனை விட வேகமாக வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள். தடித்த கறுப்புப் பட்டிகள் வரிசையாக ஓடினால் வைத்துவிட்டு வந்துவிடலாம். ஓலெட் திரையில் மெல்லிய ஒற்றைக் கோடு ஒன்று நகர்ந்தால் அது படம் மாறும்போது வருவது, அதற்குப் பயப்படத் தேவையில்லை. முழு வெளிச்சத்தில் பார்த்து முடிவெடுக்கவே கூடாது, அப்போது மோசமான திரையும் நல்ல பிள்ளை மாதிரி நிற்கும். தொட்டுப் பார்க்கவே விடாத கடை என்றால் அடுத்த கடைக்கு நடவுங்கள், ஒரே வீதியில் எத்தனை கடை இருக்கிறது!

ஏற்கெனவே வாங்கி மாட்டுப்பட்டவர்களுக்கு ஒரு வழி: திரையின் வெளிச்சத்தைக் கூட்டியே வைத்துவிட்டு வேறு விதமாக மங்கலாக்குங்கள். ஐபோன், ஐபாட்டில் அக்சஸிபிலிட்டிக்குள் "ரெடியூஸ் வைட் பொயின்ட்" இருக்கிறது. அன்ட்ரொயிட் 12இலிருந்து வந்த "எக்ஸ்ட்ரா டிம்" பல போன்களில் இதே மாதிரி உதவும். சில சீனப் போன்களில் "டிசி டிம்மிங்" அல்லது "அன்டி பிளிக்கர்" என்று ஒரு தெரிவு உண்டு. ஐபோன் 17 வரிசையில் பி.டபிள்யூ.எம்மை நிறுத்துவதற்கென்றே ஒரு செட்டிங் கொடுத்திருக்கிறார்கள். அப்பிளே அப்படி ஒரு பொத்தான் வைத்தபின், இது ரீச்சரின் கற்பனை என்று எந்த முதலாளியும் இனிச் சிரிக்க முடியாது. நான் இப்போது அறையில் ஒரு சின்ன மேசை லைட்டைப் போட்டு, டெப்பின் வெளிச்சத்தை முக்கால்வாசிக்கு ஏற்றி வைத்துப் படிப்பிக்கிறேன். நோ குறைந்திருக்கிறது. ஆனால் 79,000 ரூபா கொடுத்தது அதற்கல்ல.

பில் விஷயம். கடைக்காரர் வாயால் சொல்வதை பில்லிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: "குறைந்த வெளிச்சத்திலும் மினுங்காது, மினுங்கினால் ஏழு நாளுக்குள் மாற்றித் தரப்படும்." எழுத மறுத்தால் அதுவே பதில். பொருளைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி குற்றம். அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். பில்லின் பிரதி, பெட்டியின் படம், கறுப்புப் பட்டி தெரிகிற படம், கடையோடு கதைத்த வட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். சிம் போடுகிற டெப் என்றால் வாங்கும் முன் ஐ.எம்.ஈ.ஐ (IMEI) என்று ஆங்கிலத்தில் அடித்து இடைவெளி விட்டு, கருவிக்கு உரிய அந்த 15 இலக்க அடையாள எண்ணையும் 1909க்கு எஸ்.எம்.எஸ் அனுப்பி, பதிவான சாமானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டேன். அதைக் கேள்விப்பட்டோ என்னவோ, கடையிலிருந்து ஒருவர் தொலைபேசி எடுத்து, டெப்புக்கு நல்ல தோல் கவர் ஒன்றும் பேனையும் சும்மா தருகிறோம், வந்து எடுங்கோ ரீச்சர் என்றார். காசைத் தருவதாக இருந்தால் மட்டும் எடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.