டாம்கேட் சர்வரை வெளியாளிடம் கொடுத்து ஏமாந்த கதை: மீதிப் பணத்தை அனுப்பும் முன் படியுங்கள்

சர்வர் வேலையை வெளியாளிடம் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். செய்தவர் பெயரை நான் போடப் போவதில்லை. போட்டால் பேச்சு முழுக்க அவரைச் சுற்றியே போய்விடும். அவர் செய்துவைத்த மாதிரி செட்டப் இன்னும் எத்தனையோ சர்வர்களில் ஓடிக்கொண்டிருக்கும், அதுதான் எனக்குக் கவலை.

எனக்கு ஜாவா தெரியும். எங்கள் வாடிக்கையாளர் புகார்ப் பதிவு அப்ளிகேஷனை எழுதியதே நான்தான். அதை வார் கோப்பாக (அப்ளிகேஷன் முழுவதும் அடங்கிய ஒரே மூட்டை) கட்டி, என் லேப்டாப்பில் டாம்கேட்டில் (ஜாவா வெப் அப்ளிகேஷன்களை ஓட்டும் சர்வர் மென்பொருள்) போட்டு ஓட்டிப் பார்ப்பேன். அதற்கு மேல் சர்வர் பக்கம் போனதில்லை. இணையத்தில் எல்லோருக்கும் திறக்கும்போது விஷயம் தெரிந்தவர் செய்யட்டும் என்று தெரிந்தவர் மூலம் ஒருவரைப் பிடித்தோம். இன்வாய்ஸில் மூன்று வரி: டாம்கேட் நிறுவுதல், செக்யூரிட்டி ஹார்டனிங் (தாக்குதலுக்கு இடம் கொடுக்காதபடி சர்வரை இறுக்குவது), தினசரி பேக்கப். நடு வரிக்குத்தான் தொகை அதிகம்.

அரை நாளில் முடித்துவிட்டார். மாலையில் மெயில் வந்தது. "எல்லாம் ரெடி சார், சைட் ஃபுல் செக்யூர்." கூடவே 14 பக்க பிடிஎஃப் அறிக்கை, இரண்டு ஸ்கிரீன்ஷாட். பிரவுசரில் திறந்து பார்த்தேன். எச்டிடிபிஎஸ் வந்தது, முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு இருந்தது. மீதிப் பணத்தை அன்றைக்கே அனுப்பிவிட்டேன். அறிக்கையில் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்ததோடு சரி. அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஐந்தாவது வாரம் சைட் இழுக்க ஆரம்பித்தது. லாகின் பக்கம் வரவே அரை நிமிடம் ஆனது. அவருக்கு போன் செய்தேன். "டிராஃபிக் ஏறியிருக்கும் சார், ரேம் கூட்டுங்க" என்றார். கூட்டினோம். இரண்டு நாள் கழித்து மறுபடி அதே கதை. "கோர் கூட்டுங்க" என்றார். பிராசசர் கோர்களையும் கூட்டினோம். எங்கள் சைட்டுக்கு ஒரு நாளைக்கு வருபவர்களே நூறைத் தாண்ட மாட்டார்கள் என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

கடைசியில் சர்வர் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரைக் கெஞ்சி ஓர் இரவு உட்கார வைத்தேன். எந்தப் புரோகிராம் எவ்வளவு பிராசசர் எடுக்கிறது என்று காட்டும் டாப் கமாண்டை அவர் முதலில் அடித்தார். பட்டியலின் தலையில் ஒரு பெயர், நான்கு கோரையும் முழுசாக விழுங்கிக்கொண்டிருந்தது: கேடெவ்டெம்ப்எஃப்எஸ்ஐ. லினக்ஸ் கெர்னலில் கேடெவ்டெம்ப்எஃப்எஸ் என்று உண்மையாகவே ஒன்று உண்டு. இதில் கடைசியில் ஓர் 'ஐ' மட்டும் கூடுதல். அவசரத்தில் பார்ப்பவன் இது சிஸ்டம் வேலை என்று தாண்டிப் போய்விடுவான். அது ஊரார் சர்வரில் கிரிப்டோ நாணயம் தோண்டும் புரோகிராம். நண்பர் அதைக் கொன்றார். ஒரு நிமிடத்துக்குள் மறுபடி வந்து நின்றது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானைத் திறந்தால், நிமிடத்துக்கு ஒருமுறை ஏதோ ஓர் ஐபி முகவரியிலிருந்து ஸ்கிரிப்டை இறக்கி ஓட்டும்படி ஒரு வரி. அதுவும் சர்வரில் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரின் கிரானில்.

"ரூட்ல எப்படி எழுத முடிஞ்சுது?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஓடும் புரோகிராம்களைப் பட்டியலிடும் பிஎஸ் கமாண்டில், டாம்கேட்டை ஓட்டும் ஜாவா வரியைக் காட்டினார். பயனர் பெயர் வரும் முதல் நெடுவரிசையில் 'ரூட்' என்று இருந்தது. டாம்கேட்டையே ரூட் பயனராக ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். டாம்கேட்டுக்குள் நுழைந்தவனுக்கு மொத்த சர்வரும் கைக்கு வந்துவிடும். டாம்கேட்டுக்கென்று ஒரு தனிப் பயனரை உருவாக்குவது இரண்டு நிமிட வேலை. ஹார்டனிங் என்று சொன்னாலே முதலில் செய்ய வேண்டியது அது.

நுழைந்த வழியும் கிடைத்தது. டாம்கேட்டுடன் மேனேஜர் என்று ஒரு அப்ளிகேஷன் வரும். பிரவுசரிலிருந்தே வார் கோப்பை ஏற்றலாம், நீக்கலாம். புதிதாக நிறுவும்போது அதில் நுழைய எந்தப் பயனரும் இருக்காது. அந்த சர்வருக்குள்ளிருந்து வருகிறவர்களை மட்டும் அனுமதிக்கும் வால்வு என்ற ஒரு வடிகட்டியும் போடப்பட்டிருக்கும். யாராவது வெளியிலிருந்து முயன்றால், பயனரை எப்படிச் சேர்ப்பது என்று விளக்கும் ஒரு பக்கம் காட்டும். அந்தப் பக்கத்தில் மாதிரிக்கு ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் இருக்கும். பெயர் டாம்கேட். பாஸ்வேர்டு சீக்ரெட், ஆனால் முதல் 'இ' எழுத்துக்குப் பதில் 3. எங்கள் டாம்கேட்-யூசர்ஸ் கோப்பில் அதே வரி, ஓர் எழுத்துகூட மாறாமல். வால்வைச் சுற்றி கமெண்ட் குறி போட்டு முடக்கியிருந்தார். உலகம் முழுக்கத் தெரிந்த பாஸ்வேர்டு அது. தானியங்கி ஸ்கிரிப்டுகள் முதலில் அடித்துப் பார்ப்பதே அதைத்தான்.

யார் எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று பதிவாகும் அக்சஸ் லாகில் அவர்கள் நுழைந்த நேரத்தைத் தேடிப் பிடித்தோம். மேனேஜர் பக்கத்துக்கு மூன்று வரி 401, அதாவது லாகின் ஆகவில்லை. நான்காவது வரி 200, உள்ளே விட்டாயிற்று. அடுத்த வரி அப்லோடு. அவ்வளவுதான், ஐந்து வரியில் முடிந்துவிட்டது. தவறான பாஸ்வேர்டை 5 முறை போட்டால் 300 வினாடிக்கு அந்தப் பயனரைப் பூட்டிவைக்கும் ஏற்பாடு டாம்கேட்டிலேயே இருக்கிறது. அது எழுந்து வருவதற்குள் இவர்கள் உள்ளே வந்தாயிற்று.

அப்படியென்றால் அந்தப் பூட்டுப் படம்? முன்னால், வரும் கோரிக்கைகளை வாங்கி டாம்கேட்டுக்குத் தள்ளும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்து அதில் எச்டிடிபிஎஸ் போட்டிருந்தார், அது உண்மை. ஆனால் பின்னால் டாம்கேட்டின் 8080 போர்ட்டும் (இணைப்புகள் வந்து சேரும் வாசல்) வெளியுலகுக்குத் திறந்தே கிடந்தது. பூட்டு சொல்வது பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவே போகிற செய்தியை யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டும்தான். உள்ளே என்ன திறந்து கிடக்கிறது என்று அது சொல்லாது. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு, நண்பர் சொல்லித்தான் எனக்கே தெரியும். என்ஜின்எக்ஸ் அதே சர்வரில் இருந்துகொண்டு எல்லாப் பாதைகளையும் டாம்கேட்டுக்குத் தள்ளிவிட்டால், டாம்கேட்டின் கண்ணுக்கு எல்லோருமே 127.0.0.1 என்ற உள்முகவரியிலிருந்து வருவதாகத்தான் தெரியும். ஆகவே அந்த வால்வை முடக்காமல் விட்டிருந்தாலும் மேனேஜர் பக்கம் வெளியாட்களுக்குத் திறந்திருக்கும். உண்மையான ஐபியை எடுத்துக் கொடுக்கத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். அல்லது மேனேஜரையே அழித்துவிட வேண்டும். நாங்கள் அழித்துவிட்டோம்.

8009 போர்ட்டும் திறந்திருந்தது. அது ஏஜேபி என்ற பழைய இணைப்பு முறைக்கானது. எங்களுக்குத் தேவையே இல்லை. 2020 பிப்ரவரியில் கோஸ்ட்கேட் என்று பேசப்பட்ட பாதுகாப்பு ஓட்டை (அதன் பதிவு எண் சிவிஇ-2020-1938) இந்த வழியில்தான் வந்தது. அதன் மூலம் பாஸ்வேர்டே இல்லாமல் அப்ளிகேஷனுக்குள் இருக்கும் கோப்புகளைப் படித்துவிடலாம். 9.0.31 பதிப்பில் அதை அடைத்துவிட்டார்கள். எங்களுக்குப் போட்டது 9.0.30. அந்தத் திருத்தம் வந்து மூன்று வருஷம் ஆன பிறகு, எந்தப் பென்டிரைவிலிருந்து எடுத்தாரோ, சரியாக அதற்கு முந்தைய பதிப்பு!

ஏன் பழையது என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "புதுசு போட்டா உங்க அப்ளிகேஷன் ஓடாது சார்." இதில் பாதி உண்மை இருப்பதால்தான் கோபம் வருகிறது. டாம்கேட் 10-இல் 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கும் பேக்கேஜ் பெயர்கள் 'ஜகார்த்தா' என்று மாறிவிட்டன. பழைய அப்ளிகேஷனை அப்படியே தூக்கிப் போட்டால் ஓடாது, சரி. ஆனால் 9 வரிசையிலேயே புதிய திருத்தங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. அவற்றில் ஒரு வரிகூட மாற்றாமல் என் அப்ளிகேஷன் ஓடியது, நானே போட்டுப் பார்த்தேன்.

அப்புறம் பேக்கப். சர்வரை அழித்துப் புதிதாகக் கட்டலாம் என்று முடிவு செய்து பேக்கப் ஃபோல்டரைத் திறந்தோம். 38 கோப்புகள், தேதி வாரியாக, பார்க்க அழகாக. ஒவ்வொன்றின் அளவும் 20 பைட். நண்பர் சிரித்துவிட்டார். கோப்புகளைச் சுருக்கும் ஜிசிப்புக்கு ஒன்றுமே இல்லாததைக் கொடுத்தால் 20 பைட் வருமாம். ஸ்கிரிப்டில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு தப்பாக இருந்திருக்கிறது. டேட்டாபேஸை நகலெடுக்கும் டம்ப் தோற்றுப்போகும், வெறுமையை ஜிசிப் அழகாக மூட்டை கட்டும், கடைசியாக ஓடிய ஜிசிப்புக்கு எந்தப் பிழையும் இல்லாததால் ஸ்கிரிப்ட் வெற்றி என்று லாகில் எழுதும். 38 நாள் இப்படியே. நல்லவேளை, வந்தவனுக்கு எங்கள் டேட்டா தேவைப்படவில்லை, பிராசசர்தான் வேண்டியிருந்தது. டேட்டாபேஸ் அப்படியே இருந்தது. கையால் டம்ப் எடுத்துக்கொண்டோம். அவன் நகல் எடுத்தானா இல்லையா என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. ரூட்டாக இருந்தவன் எதையும் படித்திருக்கலாம். அதனால் எல்லா வாடிக்கையாளருக்கும் நடந்ததைச் சொல்லி பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி மெயில் அனுப்பினோம். அந்த மெயிலை எழுதிய அரை மணி நேரம்தான் இந்த விவகாரத்திலேயே எனக்கு மோசமான நேரம்.

இத்தனைக்கும் பிறகுதான் அந்த 14 பக்க அறிக்கையை உட்கார்ந்து படித்தேன். ஆறாம் பக்கத்தில் போர்ட் ஸ்கேன் முடிவு, "80, 443 தவிர அனைத்தும் மூடப்பட்டுள்ளன" என்று. அதில் இருந்த ஐபி முகவரி எங்களுடையது இல்லை. ஒன்பதாம் பக்கத்தில் ஆபரேட்டிங் சிஸ்டம் சென்ட்ஓஎஸ் என்று போட்டிருந்தது. எங்களுடையது உபுண்டு. வேறு யாருக்கோ செய்த அறிக்கையில் முதல் பக்கத்தை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்.

கேட்டேன். "நான் கொடுத்தப்ப எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு சார், நீங்க யாரோ மாத்தியிருக்கீங்க" என்றார். டாம்கேட்-யூசர்ஸ் கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம், வேலை முடிந்தது என்று அவர் மெயில் அனுப்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு என்று காட்டினேன். ஊடுருவியவனே அந்த நேரத்தை மாற்றியிருக்கலாம் என்றார். அதுவும் நடக்கக்கூடியதுதான், மறுக்க முடியாது. அதனால் அவர் அன்றைக்கு அனுப்பிய இரண்டாவது ஸ்கிரீன்ஷாட்டை அவருக்கே திருப்பி அனுப்பினேன். "டாம்கேட் ஓடுகிறது" என்பதற்கு ஆதாரமாக அவரே எடுத்தது. முகவரிப் பட்டையில் எங்கள் டொமைன், பக்கத்தில் 8080, உள்ளே மேனேஜர் பக்கம் லாகின் ஆகித் திறந்திருந்தது. அதற்கு அவர் பதில்: "அது உங்க வசதிக்காகத் திறந்து வச்சது சார். வருஷ மெயின்டனன்ஸ் எடுத்திருந்தா நாங்களே பாத்துக்கிட்டிருப்போம்." பணம் திரும்பி வரவில்லை. இப்போது போனும் எடுப்பதில்லை. சர்வருக்குள் நுழைய அவர் வைத்திருந்த எஸ்எஸ்எச் சாவி மட்டும் எங்கள் பழைய சர்வரில் பத்திரமாக இருந்தது, ஒப்படைத்த பிறகும் எடுக்காமல்.

நீங்கள் யாரிடமாவது கொடுத்திருந்தால், பணத்தை முடிக்கும் முன் இவற்றை நீங்களே பாருங்கள், நிபுணர் தேவையில்லை. அலுவலக வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் உங்கள் டொமைனையும் அதன் பின்னால் :8080 என்பதையும் அடியுங்கள். எதுவும் திறக்கக் கூடாது. 8080 இல்லாமல், டொமைனுக்குப் பின்னால் மேனேஜர் பாதையை (/manager/html) போட்டுப் பாருங்கள். லாகின் பெட்டி வந்தாலே வேலை முடியவில்லை என்று அர்த்தம். டாம்கேட்டுடன் வரும் எக்சாம்பிள்ஸ் (/examples), டாக்ஸ் (/docs) பாதைகளும் திறக்கக் கூடாது. ஜாவா எந்தப் பயனராக ஓடுகிறது என்று அவரையே திரையில் காட்டச் சொல்லுங்கள். பேக்கப் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். ஒன்றை எடுத்து வேறு கணினியில் மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். அறிக்கை கொடுத்தால் அதில் இருக்கும் ஐபி உங்களுடையதுதானா என்று பாருங்கள்.

புதிய சர்வரை நண்பர் பக்கத்தில் இருக்க நானே கட்டினேன். தனிப் பயனர், 127.0.0.1-இல் மட்டும் கேட்கும் 8080, ஏஜேபி இல்லை, 8005-இல் இருந்த ஷட்டவுன் போர்ட்டுக்கு -1 (அதாவது முடக்கம்), வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் எங்கள் வார் கோப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. முழுசாக ஒரு நாள் ஆனது, அதில் பாதி எனக்கு விளக்கியதற்கே. திறந்துவிட்ட முதல் நாளே லாகில் மேனேஜர் பாதையைத் தட்டியிருந்தார்கள். இன்று காலையில் பார்த்தபோதும் 11 வரி இருந்தது, 11-ம் 404, அப்படி ஒரு பக்கமே இல்லை என்ற பதில்.