கூகுள் ட்ரெண்ட்ஸ்: கச்சத்தீவை வைத்து ஒரு விமர்சனம்

மீனவர் பிரச்சினை பற்றி இணையத்தில் ஓடும் பேச்சைத் தங்கச்சிமடத்தில் இருந்துகொண்டு முனைவர் பட்டத்துக்காக ஆராய்கிறேன். அதற்கு நான் அதிகம் பயன்படுத்துவது கூகுள் ட்ரெண்ட்ஸ். காசு கிடையாது. 2004 முதலான தேடல் போக்கைக் காட்டும், ஒரே நேரத்தில் பல சொற்களை ஒப்பிடலாம்.

கச்சத்தீவு என்று தமிழில் தட்டினால் வரைபடத்தில் ஒரு கோடு, ஆங்கிலத்தில் தட்டினால் வேறொரு கோடு. அதையே ‘தலைப்பு’ என்று தேர்ந்தெடுத்தால் எந்த மொழியில், எந்த எழுத்துக்கூட்டலில் தேடியிருந்தாலும் சேர்த்துக் கணக்கிடும். ஆளுக்கொரு விதமாக எழுதும் நமக்கு இது பெரிய உதவி. 2024 மார்ச் கடைசியில், தேர்தல் பேச்சில் கச்சத்தீவை இலங்கைக்கு விட்ட 1974 ஒப்பந்தம் திரும்ப வந்தபோது கோடு எகிறியது. ஊடகம் எதை அதிகம் பேசுகிறதோ அதுவே மக்களுக்கும் முக்கியமாகத் தெரியும் என்று ஊடக ஆய்வாளர்கள் மெக்கோம்ப்ஸும் ஷாவும் 1972இல் எழுதியதை விளக்க இதைவிட நல்ல படம் என்னிடம் இல்லை.

எண்ணைப் படிப்பதில்தான் கவனம் வேண்டும். கோடு 0 முதல் 100 வரையான அளவில் ஓடும். 100 என்பது தேடியவர்களின் எண்ணிக்கை அல்ல. நீங்கள் எடுத்த காலத்துக்குள், எடுத்த இடத்துக்குள் அதுதான் உச்சம், அவ்வளவுதான். ஆறு மாதத்தை ஐந்து வருடமாக்கினால் அதே வாரத்துக்கு வேறு எண் வரலாம். பூஜ்யம் என்றால் யாருமே தேடவில்லை என்றும் அர்த்தமில்லை, தேடல் கணக்கில் வரும் அளவுக்கு இல்லை என்றுதான். சின்ன ஊர்களின் பேச்சுக்கு இது கை கொடுக்காது.

அப்புறம், தேடுவது வேறு, கருத்து வேறு. கருத்தை அளக்க ஒரு கட்டண மென்பொருளும் வாங்கினேன், பெயர் வேண்டாம். பதிவுகளை ஆதரவு, எதிர்ப்பு என்று பிரித்துத் தரும். 2025 ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலம் திறந்தபோது ஒருவர் “பாலம் தூக்குறதப் பாத்து செத்துட்டேன், வேற லெவல்” என்று போட்டிருந்தார். அதை எதிர்ப்பில் சேர்த்துவிட்டது.

சரி, பிரிப்பது ஒழுங்காக நடந்தாலும், எழுதாதவர்களை என்ன செய்வது? கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவை மடியை இலங்கை 2017இல் தடை செய்தது. நான் சேர்த்து வைத்திருக்கும் நம் பக்கத்துப் பதிவுகள் பெரும்பாலும் கைது, படகு பறிமுதல் பற்றிய கோபம்தான், நியாயமான கோபம். ஆனால் பாம்பன் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த நாட்டுப்படகுக்காரர் ஒருவர் தணிந்த குரலில், “இழுவை மடியால எங்களுக்கும்தாம்மா நட்டம். இத எழுதிப் போட்டுட்டு ஊருக்குள்ள இருக்க முடியுமா?” என்றார். தன் கருத்துக்கு ஆள் குறைவு என்று நினைப்பவர் பேசாமல் இருந்துவிடுவார், அதனால் எதிர்த்தரப்பு இன்னும் பெரிதாகத் தெரியும் என்று ஜெர்மன் ஆய்வாளர் நோயல்-நியூமன் 1974இல் சொன்ன மௌனச் சுழல் இதுதான். எந்தக் கோட்டிலும் அவர் இல்லை.

அதனால் ட்ரெண்ட்ஸை நான், மக்களிடம் எதைக் கேட்கலாம் என்று முடிவு செய்ய மட்டும் எடுக்கிறேன். அந்த வேலைக்கு ஐந்துக்கு நாலு தருவேன். ட்ரெண்ட்ஸிலிருந்து எடுக்கும் கோப்பில் தேதியைக் குறித்து வையுங்கள். மாதிரித் தேடல்களை வைத்துக் கணக்கிடுவதால் அடுத்த முறை எண் கொஞ்சம் நகரும். கேட்கப் போவதற்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் வசதி. விசைப்படகுக்காரர்களும் கரையிலேயே இருப்பார்கள், உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும்.