43 பாயிண்ட் அடித்தவரா, எதிரணியில் நின்ற பையனா?

2011 ஜனவரி 26. அமெரிக்காவின் யூட்டா மாநிலம், ப்ரோவோ நகரம். கல்லூரிக் கூடைப்பந்தில் பிரிகாம் யங் பல்கலைக்கழகமும் சான் டியேகோ ஸ்டேட் பல்கலைக்கழகமும் மோதுகின்றன. அந்த சீசனில் அதுவரை ஆடிய 20 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காத அணி சான் டியேகோ. அன்று 71-58 என்று தோற்றது. அந்த 71இல் 43 ஒரே ஆளுடையது, ஜிம்மர் ஃப்ரெடெட். தோற்ற அணியில் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் இருந்தார், கவாய் லெனர்ட். ஐந்து மாதம் கழித்து இருவரும் ஒரே டிராஃப்டுக்கு வந்தார்கள், அதாவது அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவின் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு. ஜிம்மர் 10ஆவதாகப் போனார், லெனர்ட் 15ஆவதாக.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. லெனர்ட் 2014இலும் 2019இலும் இறுதிச் சுற்றின் சிறந்த வீரர். ஜிம்மரின் என்பிஏ சராசரி ஆட்டத்துக்கு 6 பாயிண்ட். முடிவு தெரிந்தபின் புத்திசாலியாக இருப்பது சுலபம். அன்று கையில் இருந்த தகவலை மட்டும் வைத்துக்கொண்டு யாரைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. என்னைக் கேட்டிருந்தால் ஜிம்மர் பெயரைத்தான் சொல்லியிருப்பேன், அதையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

முதலில் எண்கள். கடைசி ஆண்டில் ஜிம்மர் ஆட்டத்துக்கு 28.9 பாயிண்ட், நாட்டிலேயே முதலிடம். த்ரீ பாயிண்டில் (தொலைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவது) ஏறக்குறைய 40 சதவீதம், ஃப்ரீ த்ரோவில் (ஃபவுலுக்குப் பின் தடுப்பாரின்றி எறிவது) 89. ஆண்டின் சிறந்த கல்லூரி வீரர் விருதுகளும் அவருக்குத்தான். லெனர்டோ 15.5 பாயிண்ட், 10.6 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது). த்ரீ பாயிண்ட் 29 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டு அதுவும் இல்லை, 20 சொச்சம். இந்த இரண்டு வரிசையை மட்டும் காட்டினால் கூடைப்பந்து தெரியாதவர்கூட ஜிம்மரைத்தான் கைகாட்டுவார்.

அந்த வரிசையில் பிறந்த தேதியையும் சேர்த்துப் பாருங்கள். டிராஃப்ட் இரவில் ஜிம்மருக்கு 22 வயது, லெனர்டுக்கு 20 நிரம்ப இன்னும் ஆறு நாள். இரண்டு ஆண்டு நான்கு மாத வித்தியாசம் பெரியவர்களிடம் ஒன்றுமில்லை. 19 வயதில் அது மலையளவு. 22 வயது இளைஞர் 18, 19 வயதுப் பையன்களை எதிர்த்து அடித்த பாயிண்டும், 19 வயதுப் பையன் 22 வயதுக்காரர்களின் நடுவே புகுந்து எடுத்த ரீபவுண்டும் ஒரே தராசில் நிற்காது. 10.6 ரீபவுண்டை நான் அன்று கவனிக்கவே இல்லை. பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிந்தவரால்தான், அதுவும் ஆறடி ஏழு அங்குல உயரத்தில், அத்தனை எடுக்க முடியும். அந்தக் கணிப்பு எந்த மட்டத்துக்குப் போனாலும் கூடவே வரும்.

கூடவே வராததும் உண்டு. ஜிம்மர் விஷயத்தில் பலர் தவறாகச் சொல்வது இங்கேதான்: அவருடைய ஷூட்டிங் என்பிஏவில் பலிக்கவில்லை என்பார்கள். பலித்தது. அங்கேயும் த்ரீ பாயிண்டில் அவர் 37 சதவீதம். பலிக்காதது அவருடைய வேலை. கல்லூரியில் பந்து எப்போதும் அவர் கையில். அணியே அவரைச் சுற்றி ஓடியது. தற்காப்பில் அவரை மறைத்து வைக்க ஏற்பாடு இருந்தது. ஆறடி இரண்டு அங்குலக்காரர், மின்னல் வேகமும் கிடையாது. அவருக்காக யார் பந்தை விட்டுக்கொடுப்பார்கள்? தற்காப்பில் அவர் யாரைத் தடுப்பார்? பந்தில்லாமல் நிற்கும்போது என்ன செய்வார்? இந்த மூன்று கேள்விக்கும் 28.9 என்ற எண் பதில் சொல்லவில்லை. பின்னாளில் பந்தை முழுதாக அவர் கையில் கொடுத்த ஷாங்காய் அணியில் ஒரே ஆட்டத்தில் 73 பாயிண்ட் அடித்தார். திறமை எங்கும் போய்விடவில்லை.

லெனர்டின் கதையில் எனக்குப் பிடித்த துப்பு அந்த ஃப்ரீ த்ரோ. கல்லூரி இரண்டாம் ஆண்டில் 76 சதவீதம். த்ரீ பாயிண்டில் 29 போடுகிறவருக்கு இது பொருந்தாத எண். ஃப்ரீ த்ரோவில் தடுக்க ஆளில்லை, தூரம் எல்லா மட்டத்திலும் அதே 15 அடி. கையின் பதம் எப்படி என்பதை அதைவிடச் சுத்தமாகக் காட்டும் இடம் ஆட்டத்தில் வேறில்லை. த்ரீ பாயிண்டோ, ஆட்டத்துக்கு இரண்டு மூன்று முயற்சிதான் என்றால், பத்துப் பந்து இங்கே அங்கே விழுந்தாலே சதவீதம் தலைகீழாகிவிடும். லெனர்ட் போய்ச் சேர்ந்த சான் அன்டோனியோ அணியில் ஷூட்டிங் கோச் சிப் எங்கலாண்ட் அவருடைய எறியும் முறையைத் திருத்தினார். முதல் ஆண்டிலேயே, கல்லூரிக் கோட்டைவிட மூன்றடி வரை தள்ளியிருந்த கோட்டிலிருந்து, 37 சதவீதத்துக்கு மேல்.

இதையே 2017 டிராஃப்டிலும் பார்க்கலாம். முதல் இடத்தில் மார்கெல் ஃபுல்ட்ஸ், மூன்றாவதாக ஜேசன் டேட்டம். இருவருக்கும் 19 வயது, இருவரும் கல்லூரியில் ஒரே ஆண்டு. வயது வாதம் இங்கே செல்லாது. ஃபுல்ட்ஸ் வாஷிங்டனில் 23.2 பாயிண்ட், த்ரீ பாயிண்ட் 41 சதவீதம், ஆனால் ஃப்ரீ த்ரோ 65. டேட்டம் டியூக்கில் த்ரீ பாயிண்ட் 34, ஃப்ரீ த்ரோ 85. முதல் இடத்தைக் கையில் வைத்திருந்த பாஸ்டன் அதை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்துவிட்டு மூன்றாவதாக டேட்டத்தை எடுத்தது. முதல் சீசனில் டேட்டம் த்ரீ பாயிண்டில் 43 சதவீதம். ஃபுல்ட்ஸின் எறியும் கையோ குலைந்தே போனது. அவருக்குத் தோள் நரம்புக் கோளாறு இருந்தது பிறகு கண்டறியப்பட்டதால், முழுப் பழியையும் அந்த 65 மேல் போடுவது நியாயமில்லை. ஆனாலும் 41ஐப் பார்த்து மயங்கியவர்கள் 65ஐப் பார்த்து ஒரு நிமிடம் நின்றிருக்கலாம்.

அடுத்து உடல். லெனர்டின் கைகளை விரித்தால் ஏழடி மூன்று அங்குலம். விரல்களை விரித்தால் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை பதினொன்றேகால் அங்குல அகலம். திறமை தேடி அலையும் ஸ்கவுட்டுகள் சொக்கிப்போகும் அளவுகள். ஆனால் அளவை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2009 இருக்கிறது. ஏழடி மூன்று அங்குல உயர ஹஷீம் தபீட்டை மெம்ஃபிஸ் இரண்டாவதாக எடுத்தது. ஒல்லி என்று சிலர் முகம் சுளித்த, பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஸ்டெஃபன் கரி ஏழாவதாகப் போனார். தபீட்டின் என்பிஏ சராசரி 2.2 பாயிண்டில் நின்றது. கல்லூரியில் அவர் பந்தைத் தட்டிவிட்டதெல்லாம் உயரத்தின் தயவால். என்பிஏவில் எதிரே நின்றவர்களுக்கும் உயரம் இருந்தது. லெனர்டின் நீண்ட கை அப்படிச் சும்மா தொங்கவில்லை, அது ரீபவுண்டாகவும் பறித்த பந்தாகவும் ஏற்கெனவே கணக்கில் ஏறியிருந்தது. உடல் அளவைப் பார்க்கும்போது நான் தேடுவது இதைத்தான்.

போய்ச் சேரும் இடத்தையும் விட்டுவிட முடியாது. ஜிம்மர் சேக்ரமென்டோ அணியில் இருந்த மூன்று சீசன்களுக்குள் மூன்று தலைமைப் பயிற்சியாளர்களைப் பார்த்துவிட்டார். லெனர்டை எடுத்த இண்டியானா அன்றே அவரை சான் அன்டோனியோவுக்குக் கொடுத்து ஜார்ஜ் ஹில்லை வாங்கியது. அதை முட்டாள்தனம் என்று சிரிக்கிறவர்கள், ஹில்லோடு அந்த அணி 2013இலும் 2014இலும் கிழக்கு மண்டல இறுதி வரை போனதை மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவு சொன்னதால் இளையவரே எப்போதும் மேல் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டேமியன் லில்லர்ட் வெபர் ஸ்டேட்டில் நான்கு ஆண்டு இருந்துவிட்டு 2012இல் ஆறாவதாக வந்தார், முதல் ஆண்டிலேயே சிறந்த புதுமுகம். வில்லனோவாவில் மூன்று ஆண்டு ஆடிய, பின்னாளில் நட்சத்திரமான ஜேலன் பிரன்சனை 2018இல் 33ஆவது இடம் வரை யாரும் எடுக்கவில்லை.

எனவே 10ஆவது இடம் என் கையில் இருந்தால், மூன்று ஆண்டு பொறுக்கும் அணியென்றால், 76 சதவீத ஃப்ரீ த்ரோவும் 10.6 ரீபவுண்டும் கொண்ட 19 வயதுக்காரர்தான் என் தேர்வு. கடைசி இடங்களில் கணக்கு வேறு. அங்கே மிஞ்சியிருக்கும் இளையவர்களிடம் பெரும்பாலும் உடல் மட்டுமே இருக்கும். அவர்களைவிட எதிராளியைத் தடுத்து நிறுத்தத் தெரிந்த வயது கூடியவரே மேல். அதே 2011 டிராஃப்டில் மார்க்வெட்டில் மூன்று ஆண்டு ஆடிய ஒருவர் முதல் சுற்றின் கடைசி இடமான 30 வரை காத்திருந்தார். அவர் பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான ஜிம்மி பட்லர்.